பக்கம் புரட்டும் விரல்

“நீ குர்ஆன் முழுக்கப் பாடமாக்கினனியே மகள்? இல்லைத்தானே. நீந்தத் தெரியாத ஆள் கரையில நிண்டுகொண்டு, நீந்துற பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறாய்?”

இப்படிக் கேட்டவர் பழைய இரும்பு வாங்கி விற்பவர். எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவு அவருடையது. வளவு நிறையத் துருப்பிடித்த தகரமும், வல்வெட்டித்துறையிலிருந்து வந்த படகு எஞ்சின்களும், கோப்பாய்த் தோட்டங்களில் ஓடி ஓய்ந்த தண்ணீர்ப் பம்புகளும் கிடக்கும். இரத்த உறவு எதுவும் இல்லை, ஆனாலும் சிறு வயதிலிருந்தே நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, “கோவிக்காதை, சும்மா கேட்டனான்” என்று ஒரு கட்டு முருங்கைக்காயையும் என் கையில் தந்தார். அவரோடு யாரும் கோபிக்க முடியாமல் போவதற்கு அந்த முருங்கைக்காய்தான் காரணம். கோப்பாயில் இரும்பு வாங்கப் போகும் வீடுகளில் அவருக்கு எப்போதும் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பள்ளிவாசலை ஒட்டிய பழைய வீடொன்றில் பின்னேரங்களில் பெண்பிள்ளைகள் குர்ஆனைப் பாடமாக்குகிறார்கள். முப்பது பாகமும், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், பாராமல் ஓதவேண்டும். பாடசாலை விட்டு வந்து, வெள்ளைச் சீருடையைக் கழற்றி, தேத்தண்ணீர் குடித்து, அஸர் தொழுகை முடிந்ததும் பாயில் வந்து அமர்வார்கள். அன்றைக்குப் புதிதாகப் பாடமாக்கியதை ஆசிரியையின் முன்னால் பாராமல் ஓதிக் காட்டுவதைத்தான் ‘பாடம் குடுக்கிறது’ என்கிறோம். அதோடு முடிந்துவிடாது. போன வாரம் பாடமாக்கியது, போன வருடம் பாடமாக்கியது எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டே இருக்கவேண்டும். இல்லையென்றால் ஓட்டை வாளியால் கிணற்றுத் தண்ணீர் அள்ளிய கதைதான். மேலே வரும்போது பாதிதான் மிஞ்சும்.

அந்த வருடத் தொடக்கத்தில் இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டே நின்றுவிட்டார்கள். வீட்டில் கேட்டால் தலை இடிக்கிறது என்றார்களாம். அதற்குப் பிறகுதான் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அவரை எல்லோரும் ஆலிமா என்போம். புத்தளத்தில் பிறந்து, குர்ஆன் முழுவதையும் பாடமாக்கி, கலியாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்தவர். இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பென்சிலுமாகத்தான் எப்போதும் இருப்பார்.

“எனக்கு ஓத்தைக் கேக்கத்தான் நேரம் காணுது. பிள்ளையளைக் கேக்க நேரம் காணாது. நீர் வந்து இரும்” என்றார்.

என்னை ஏன் கேட்டார் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். வாப்பா சிறுவனாக இருந்தபோதே தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போய், அகதி முகாமில் வளர்ந்து, பாடசாலைக்குப் போகவேண்டிய வயதில் உப்பளத்துக்குப் போனவர். உம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் இல்லை. ஊர் திரும்பியபின் நான் இங்கே படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போய், உளவளத்துணை என்கிற மனநல ஆலோசனையும் படித்தேன். பட்டமளிப்பு அங்கியோடு நான் நிற்கும் படம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே தொங்குகிறது. மீன்காரர் வந்தாலும் உம்மா அதைக் காட்டாமல் விடுவதில்லை. “பாருங்கோ, என்ரை மூத்தவள்” என்று சொல்லிவிட்டுத்தான் சூடை என்ன விலை என்று கேட்பார்.

ஆனால் படித்ததெல்லாம் முதல் வாரத்திலேயே சிரிப்பாகிப் போனது. பதற்றத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம் என்று எல்லாரையும் வட்டமாக இருத்தினேன்.

“கண்ணை மூடுங்கோ. மூச்சை மெல்ல உள்ளுக்கு எடுத்து, அப்பிடியே வைச்சிருந்து, மெல்ல விடுங்கோ.”

எல்லாரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். நான் விட்டுவிட்டேன். அவர்கள் விடவில்லை. விடவே இல்லை. கடைசியில் ஒருத்தி கண்ணைத் திறந்து, “ராத்தா, நீங்கள் விட்டாச்சே?” என்று கேட்டாள். எல்லாரும் பாயில் விழுந்து சிரித்தார்கள். நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு மூச்சுவிடப் பழக்க வந்தவள் நான்.

அப்படிக் கேட்டவள்தான் இரும்புக்கடை மாமாவின் மகள். பன்னிரண்டு வயது. முன்பல் ஒன்று கொஞ்சம் வெளியே தெரியும், அதை மறைக்க உதட்டை இறுக்கி வைத்துக்கொள்வாள், சிரிப்பு வந்தால் மறந்துபோவாள். எல்லாரையும் விட வேகமாகப் பாடமாக்குகிறவள். இருபதாவது பாகத்தை முடித்திருந்தாள். அவளுடைய வாப்பா போகிற ஊரெல்லாம் இதையே சொல்லித் திரிந்தார். கோப்பாயில் முருங்கைக்காய் கொடுக்கும் அம்மா, அவரைக் கண்டதும் இரும்பைப் பற்றிப் பேசமாட்டாவாம். “பிள்ளை எவ்வளவு பாடமாக்கிட்டாள்? எங்கடை பேத்திக்கு ஒரு பதிகமே நாலு நாள் நிக்குதில்லை” என்பாவாம். மாமா அதை எங்களிடம் சொல்லிக் காட்டும்போது அந்த அம்மாவின் குரலிலேயே சொல்லுவார்.

ஆலிமா சொன்னது சரி. பிள்ளைகளைக் கேட்க ஒரு ஆள் தேவையாகத்தான் இருந்தது. தேத்தண்ணீரில் பணிஸைத் தோய்த்துச் சாப்பிடும் அந்தச் சின்ன இடைவேளையில் அவர்கள் கேட்ட கேள்விகள் எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்கவில்லை. ஒருநாள் இவள் கேட்டாள்.

“ராத்தா, பாடமாக்கினதை மறந்தால் பாவமே?”

ஆலிமாவைப் பார்த்தேன். அவர் குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டு சொன்னார்:

“வேணுமெண்டு கைவிடுறது வேற, தங்கச்சி. மறதி வேற. குர்ஆன் கால்கட்டின ஒட்டகம் மாதிரி, பாத்துக்கொள்ளாட்டி அவிட்டுக்கொண்டு போயிடும் எண்டு நபியவர்கள் சொல்லித்தான் இருக்கினம். அது பயப்பிடுத்த இல்லை. போகும், போய்த் தேடிப் பிடி எண்டு சொல்லத்தான். தடக்கித் தடக்கிக் கஷ்டப்பட்டு ஓதுற ஆளுக்கு ரெண்டு கூலி எண்டும் சொன்னவர்தானே.”

“ஒட்டகம் எப்பிடி அவிழ்க்கும்? எங்கடை ஆடு அவிழ்க்காது. கட்டின கம்பியோடையே ஓடும்” என்றாள் அவள்.

“அப்ப உனக்கு லேசு. கம்பி இழுபடுற சத்தத்தில கண்டுபிடிச்சிடலாம்” என்றேன் நான்.

அன்றிலிருந்து யாராவது ஓரிடத்தில் தடக்கினால் பின்னாலிருந்து ஒருத்தி, “ஆடு ஓடுது, ஆடு ஓடுது” என்று கிசுகிசுப்பாள். ஆலிமா அதட்டுவார். ஆனால் தடக்கிய பிள்ளைக்கு முகத்தில் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். என் படிப்பு செய்யாததை அந்த ஆடு செய்தது.

பிறகு அவளுடைய ஆடு உண்மையிலேயே ஓடியது.

இருபது பாகம் முடித்ததற்காக அவளுடைய வாப்பா ஒரு பரிசு கொடுத்திருந்தார். உம்ராவுக்குப் போன நண்பர் ஒருவரிடம் சொல்லி, மக்காவிலிருந்து ஒரு குர்ஆன் வாங்கிவரச் செய்தார். ஓரமெல்லாம் பொன் நிறம். தாள் வழுவழுப்பு. அதை மகளின் கையில் கொடுத்த அன்று, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாராம். அப்படியும் நகக்கண்ணில் துரு போகவில்லை என்று கவலைப்பட்டாராம். இதை அவள்தான் எனக்குச் சொன்னாள், கண் மின்ன.

அதற்குச் சில வாரங்களுக்குள் அவள் தடக்கத் தொடங்கினாள். முதலில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பிறகு பழைய பாடங்கள் பக்கம் பக்கமாகக் கழன்றன. ஓதிக்கொண்டே வருவாள், ஓரிடத்தில் நிற்பாள், உதடு அசையும், சத்தம் வராது. ஒரே மாதிரி வசனங்கள் வரும் இடங்களில் ஒரு அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்குள் போய்விடுவாள். யாரும் ஆடு என்று சொல்லவில்லை. அது விளையாட்டாக இல்லை என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது.

நோன்புக்கு முன்பு தாய்மாரை அழைத்து, ஒவ்வொரு பிள்ளையும் கொஞ்சம் ஓதிக் காட்டுவது எங்கள் வழக்கம். அவளுடைய முறை வந்தது. இரண்டு வரியோடு நின்றாள். ஆலிமா அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். தொடர்ந்தாள், மறுபடி நின்றாள். அவளுடைய உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், “கண்ணூறு. ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சால் வேற என்ன வரும்?” என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு.

மறுநாள் மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். முருங்கைக்காய் கொண்டுவரவில்லை.

“இந்தத் தவணை முடிய அவளைப் புத்தளத்துக்கு அனுப்பப் போறன். அங்கை தங்கி ஓதுற மதரஸா இருக்கு, பக்கத்தில அண்ணை வீடு. இஞ்சை பள்ளிக்கூடமும் விளையாட்டும், நீ ஆறுதல் சொல்லுறன் எண்டு செல்லம் குடுக்கிறதும். பிள்ளை கெட்டுப் போச்சுது மகள்.”

“அவளின்ரை பள்ளிக்கூடம், மாமா?”

“ஓத்து போனால் பள்ளிக்கூடத்தை வைச்சு என்ன செய்யிறது?”

தங்கிப் படிக்கும் இடங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆலிமா அப்படியான ஓரிடத்தில்தான் படித்து வந்தார். ஆனால் இவளுக்கு நேர்ந்தது என்னவென்று தெரியாமல் இவளை அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. போனால் திரும்பும்போது பாடசாலையில் இவளுடைய வகுப்பு எங்கேயோ போயிருக்கும். பாடசாலை கைவிட்டுப் போன வீட்டிலிருந்துதான் நான் வந்தேன். வாப்பா இன்றைக்கும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார்.

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்வதை நிறுத்தினேன். அவளைப் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு ஓத்துப் பாடமில்லை, ஆகவே காதால் கேட்டு என்ன பிழை என்று பிடிக்க முடியாது. கண் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. ஓதும்போது அவள் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். வலது கை பாயில் இருக்கும். சுட்டுவிரல் பாயின் மேல் மெல்ல வரி வரியாக இறங்கும். அடிக்கு வந்ததும் விரல் ஒரு சின்னச் சுண்டு சுண்டும். முன்பெல்லாம் அந்தச் சுண்டலோடு குரலும் ஒரு கணம் நின்று, மூச்செடுத்து, புதிதாகத் தொடங்கும். தோணியும் துடுப்பும் போல இரண்டும் ஒன்றாகப் போகும். இப்போது விரல் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். விரல் சுண்டுகிறது, குரல் இன்னும் நடுவில் நிற்கிறது. குரல் முடிகிறது, விரல் எங்கே போவதென்று தெரியாமல் பாயின் கோரையைக் கிள்ளுகிறது.

அன்று ஓதி முடிந்தபின் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

“விரலால என்ன செய்யிறனீ?”

“எப்ப?”

“ஓதேக்கை. கீழ வந்து இப்பிடிச் சுண்டுறாய்.”

அவள் தன் விரலைப் பார்த்தாள். அதைத் தான் செய்வதே அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பக்கம் புரட்டுறன் போல” என்றாள்.

“எந்தப் பக்கத்தை?”

உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு முகம் சுருங்கி, அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“என்ரை பழைய குர்ஆனின்ரை பக்கத்தை ராத்தா. கண்ணை மூடினா அது தெரியும். இந்த வசனம் வலப்பக்கம் மேல, அது இடப்பக்கம் அடியில எண்டு தெரியும். புதுசில ஒண்டும் அந்த அந்த இடத்தில இல்லை. எழுத்தும் மெல்லிசு. புதுசைப் பாக்கப் பாக்கப் பழசு அழியுது. புதுசும் ஏறுதில்லை.”

“பழசு எங்கை?”

“கிழிஞ்சு போச்செண்டு வாப்பா பள்ளிக்குக் குடுத்திட்டார். புதைக்க.”

எங்கள் வழக்கம் அது. ஓதிப் பழசான குர்ஆனைக் குப்பையில் போடமாட்டோம். பள்ளிவாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் பாங்கு சொல்லும் மோதினார், மையத்தை அடக்கும் மையவாடியில் கால் படாத இடமாகப் பார்த்துப் புதைப்பார்.

“ஏன் இவ்வளவு நாளும் ஆலிமாட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னால் வாப்பாக்குத் தெரிஞ்சிடும். அவர் எவ்வளவு ஆசையா வாங்கினவர். ராத்தா, வாப்பாட்டைச் சொல்லாதேங்கோ. நான் புத்தளம் போறன். பரவாயில்லை.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வாப்பாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தன் நெஞ்சிலிருந்து இருபது பாகம் கழன்று போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆலிமாவிடம் சொல்ல மட்டும் அவள் சம்மதித்தாள். கேட்டதும் ஆலிமா பென்சிலாலேயே தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். பாடமாக்கும் பிள்ளை முதல் நாள் தொட்ட குர்ஆனைக் கடைசி நாள் வரை மாற்றக்கூடாது, மாற்றினாலும் அதே அச்சாக இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி. அது தெரியாதவர் அல்ல அவர். ஆனால் இவள் புதியதைப் பழைய பச்சை வெல்வெட் உறைக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். பாடம் கொடுக்கும்போது குர்ஆன் மூடித்தானே இருக்கும். பிழைக்கு வட்டம் போடும் பென்சிலையும் ‘நானே போடுறன்’ என்று இவளே வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

“நான் உறையைத்தான் பாத்தன். உள்ளுக்குப் பாக்கேல்லை” என்றார்.

“அதே அச்சில வேற ஒண்டு எடுத்துக் குடுத்தால் என்ன, ஆலிமா?”

“நாளைக்கே குடுக்கலாம். ஆனா வாப்பாக்கு ஒளிச்சு ஓதுவாள். ஒளிச்சு ஓதுற ஓத்து நெஞ்சில நிக்காது.”

நான் அவளிடம் போய்ச் சொன்னேன்: “நான் வாப்பாட்டைச் சொல்லமாட்டன். அது என்ரை கதை இல்லை. நீ சொல்லு. நான் பக்கத்தில இருப்பன். நீ நிண்டால் நானும் நிக்கிறன். நீ அழுதால் தொடங்கின இடத்திலயிருந்து திரும்பச் சொல்லு.”

“ஆலிமா சொல்லெடுத்துத் தாறது போல நீங்கள் எடுத்துத் தருவியளே?”

“ஒரு சொல் மட்டும்.”

அடுத்த நாள் பாடசாலை விட்ட கையோடு இருவரும் இரும்பு வளவுக்குப் போனோம். மாமா ஒரு பழைய தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஸ்பானரை வைத்துவிட்டு, “என்ன, ரெண்டு பேரும் சேந்து புத்தளம் வேண்டாமெண்டு கேக்க வந்தனியளோ?” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தாய்மார் முன்னால் நின்றதுபோலவே நின்றாள். நான் அவள் காதோடு, “பழைய” என்றேன்.

“பழைய குர்ஆன் எனக்கு வேணும் வாப்பா” என்றாள் அவள். பிறகு நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். விரலைத் தன் தொடையில் வைத்து, வரி வரியாக இறக்கி, சுண்டிக் காட்டினாள். “உங்கடை குர்ஆன் நல்ல வடிவு. எனக்குத்தான் அதில வழி தெரியேல்லை” என்று முடித்தாள்.

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. “ரெண்டும் ஒரே குர்ஆன்தானே? ஒரு சொல்லும் மாறாதே?” என்று என்னைப் பார்த்தார்.

“சொல்லு ஒண்டும் மாறேல்லை மாமா. சொல்லு இருக்கிற இடம்தான் மாறியிருக்கு.”

பம்பின் மேல் கையை ஊன்றினார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என் வாப்பாவைப் போலவே, முகாமில் வளர்ந்தவர்.

“நாங்கள் திரும்பி வந்த முதல் நாள் எனக்கு என்ரை வீடு தெரியேல்லை” என்றார். “எங்கடை வாசலுக்கு நேர ஒரு வேப்பமரம். முனையில ஒரு தண்ணிப் பைப். இந்த ரெண்டையும்தான் அவ்வளவு வருசமும் மனசில வைச்சிருந்தனான். வந்து பாத்தா மரமும் இல்லை, பைப்பும் இல்லை. தெரு அதே தெரு. நான் பிறந்த தெருவில நிண்டு, தெரியாத ஒருத்தரிட்டை என்ரை வீடு எதெண்டு கேட்டன்.” மகளைப் பார்த்தார். “நான் உன்ரை வேப்பமரத்தை வெட்டிப் போட்டனே, மகள்?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பல் தெரிந்தது.

“ஊரெல்லாம் போய்ப் பழசை வாங்கிறவன் நான்” என்று எழும்பினார். “வீட்டில இருந்த பழசை நானே தூக்கிக் குடுத்திருக்கிறன் பார்.”

குழாயடியில் போய், சவர்க்காரத் தூள் போட்டு, முழங்கை வரை தேய்த்தார். தொழுகைக்கு முன் செய்யும் வுழூவையும் செய்தார். பிறகு வேகமாக நடந்தார், நாங்கள் பின்னால் ஓடினோம். நாங்கள் ஓதும் வீட்டில் காத்திருக்க, அவர் பள்ளிவாசலுக்குள் போனார். பெட்டி நிறைந்துவிட்டது என்று போன கிழமை யாரோ சொன்னது எனக்கு நினைவு இருந்தது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவள் என் கையை விடவே இல்லை.

அவர் திரும்பி வந்தபோது தலையில் அந்த மரப்பெட்டி முழுவதுமாக இருந்தது. பின்னால் மோதினார், “கவனம், கவனம், மெல்லமா” என்று கைகளை நீட்டிக்கொண்டு வந்தார். மழை பெய்து மண் இளகட்டும் என்று அவர் இன்னும் புதைக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

“எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரியுது. நீயே பார்” என்று மாமா பெட்டியை மேசையில் இறக்கினார்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள், முத்தமிட்டாள், பக்கத்தில் வைத்தாள். அட்டை போனவை, நடுவில் பிரிந்தவை, மழையில் ஊறியவை. அடியில் ஒன்றைத் தொட்டதும் நின்றாள். திறக்கவில்லை. திறக்காமலே தெரிந்துவிட்டது. முதுகு கிழிந்து, உம்மா தைத்த சிவப்பு நூல் வெளியே தெரிந்தது. உள்ளே ஆலிமாவின் பென்சில் வட்டங்கள். எங்கே பிழை விட்டாளோ அங்கெல்லாம் ஒரு வட்டம், திருந்தியதும் அதன் மேல் ஒரு சின்னக் கோடு. ஓரிடத்தில் தேத்தண்ணீர்க் கறை.

“இந்தக் கறைக்குப் பக்கத்தில வாறதை நான் ஒருநாளும் பிழைவிடுறேல்லை” என்று எங்களுக்குச் சொன்னாள்.

மாமா அன்று பின்னேரமே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தார். “இல்லை, இப்ப அனுப்பேல்லை. பிள்ளையில பிழை இல்லை. என்னிலதான்” என்று வளவிலிருந்து அவர் உரத்துச் சொன்னது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

எல்லாம் உடனே திரும்பி வரவில்லை. சில பாகங்களை அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சில நாட்கள் அழுதாள். ஒருநாள் ஓதவே மாட்டேன் என்று கிணற்றடியில் போய் இருந்தாள். ஆலிமா, “இண்டைக்கு வேண்டாம், போய் நொண்டி அடி” என்று விட்டுவிட்டார். நானும் சேர்ந்து நொண்டி அடித்தேன், விழுந்தேன், அது அவளுக்கு நல்ல மருந்தாக இருந்தது. பாடசாலைக்கும் போய்வந்தாள். நோன்பு முடிந்து கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம், அவள் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். விரல் அடிக்கு வந்து சுண்டியது. குரல் அதே கணத்தில் நின்று, மூச்செடுத்து, அடுத்த பக்கத்துக்குப் போனது. ஆலிமா என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருத்தி, “ஆடு வந்திட்டுது” என்றாள். அன்றைக்கு ஆலிமா அதட்டவில்லை.

பொன் ஓரக் குர்ஆன் சில நாட்கள் அவர்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் சும்மா இருந்தது. அது அவளை உறுத்தியிருக்க வேண்டும். வாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஒருநாள் அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

“இது உங்களுக்கு ராத்தா. உங்களுக்குப் பழைய பக்கம் ஒண்டும் மனசில இல்லைத்தானே? நீங்கள் இதிலயே தொடங்கலாம். குழம்பாது.”

தொழுகைக்குத் தேவையான சின்ன அத்தியாயங்கள் தவிர எனக்கு எதுவும் பாடமில்லை. பட்டம் வாங்கியவள், இருபது வயது தாண்டியவள், வேலைக்குப் போகிறவள். இனித் தொடங்கி எப்போது முடிப்பது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே அதை இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஒழுங்கை முனையில் மாமா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார். என் நெஞ்சோடு இருந்த குர்ஆனைக் கண்டதும், “அப்ப கரையில நிண்டது காணுமெண்டு தண்ணிக்குள்ள இறங்கப் போறாய்!” என்று கத்தினார்.

“முழங்கால் அளவுதான் மாமா!”

“காணும், காணும். மெல்ல இறங்கு.”

கடைசிப் பாகத்தின் முதல் பக்கத்தை எடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். சுபஹ் தொழுதுவிட்டு, உம்மா பிட்டு அவிக்கும் நேரத்தில் அடுப்படி வாசலில் இருந்து ஓதினேன். “அந்த இடத்தை நேற்றும் பிழையாச் சொன்னனீ” என்று எழுத்துத் தெரியாத என் உம்மா அடுப்படியிலிருந்து திருத்தினார். கேட்டுக் கேட்டே அவருக்கு வந்துவிட்டது.

இன்று பின்னேரம் நான் என் முதல் பாடத்தைக் கொடுத்தேன். ஆலிமா கேட்கவில்லை. “உம்மடை ஆள் கேக்கட்டும்” என்று மாமாவின் மகளிடம் விட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். பக்கம் முடிய இரண்டு வரி இருக்கும்போது தடக்கினேன். அவள் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாள், ஒரே ஒரு சொல். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, அந்தப் பொன் ஓரப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.